சக்கரத்தில் பூசிய சந்தனம்

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று வாசலில் நின்றால் மனுஷனுக்குப் பயம் போய்விடும் என்று நான் நம்பினேன். ஐம்பத்திரண்டு வயதில், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, முழுச் சுயநினைவோடு நம்பினேன்.

அந்த நம்பிக்கை ஒரு கார்த்திகை மாதக் காலையில் என்னை ஒரு தரைப்பாலத்தின் சரிவில் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தது. வண்டி பின் அச்சு வரைக்கும் சேற்றில். நான் கழுத்து வரைக்கும் வியர்வையில்.

எனக்கு முன்னால் பாலத்தின் மேல் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர், செங்காவி நிறத்தில், சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஒரு டிராக்டர். அதன் பெட்டியில், தார்ப்பாய்க்கு அடியில், பிரசவ வலியோடு ஒரு பெண். என் முதுகுக்குப் பின்னால் மேட்டின் மேல், அவளை ஏற்றிப் போக வந்த ஆம்புலன்ஸ்.

பாதை ஒரே ஒரு வண்டி போகிற அகலம். இரண்டு பக்கமும் சீமைக்கருவேல முள். முள்ளுக்குக் கீழே தண்ணீர் நிறைந்த பள்ளம். ஆம்புலன்ஸ் இறங்க முடியாது, டிராக்டர் ஏற முடியாது. நடுவில் நான்.

டிராக்டர்க்காரர் ஹாரன் அடித்தார். ஆம்புலன்ஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் ஒரு ஹாரன் அடித்தேன்.

பயத்தை விற்றுப் பிழைக்கிறவன்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காகத் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்தில் நான் ஆயுள் காப்பீட்டு முகவர். ஊராரின் பயம்தான் என் சோறு. ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து, அவர் மனைவி கொடுத்த காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "ஒருவேளை நாளைக்கு நீங்க இல்லைன்னு வெச்சிக்குவோம் சார்" என்று ஆரம்பிக்க எனக்கு ஒரு நாளும் கூசியதில்லை.

என் மனைவி மலர் கிராம சுகாதாரச் செவிலியர். அவளுடைய துணை சுகாதார நிலையம் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருக்கிறது. மற்ற மாதங்களில் ஓடை என்று சொன்னால் ஆடு சிரிக்கும். மணலும் கோரையும்தான். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் மேலே ஏரி நிரம்பி வழிந்து, தரைப்பாலத்தை மூடிக்கொண்டு ஓடும்.

முந்தின வருஷ மழையில் மலர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள். இரண்டு நாள் போன் இல்லை. நான் இந்தக் கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். என் மனம் என்ன வேலை செய்தது என்று உங்களுக்குத் தெரியும். முப்பது வருஷமாக அடுத்தவர்களிடம் சொன்ன "ஒருவேளை"கள் அத்தனையும் திரும்பி வந்து என் குடைக்குள் ஒதுங்கின.

மூன்றாம் நாள் அவள் யாருடைய புடவையையோ கட்டிக்கொண்டு, ஒரு பை நிறைய மல்லாட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு, சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்கு நூற்று இரண்டு டிகிரி காய்ச்சல்.

"ஏங்க, மாட்டிக்கினது நானு. ஜுரம் உங்களுக்கா?" என்றாள், நாக்குக்கடியில் தெர்மாமீட்டரைச் செருகிக்கொண்டே.

அந்தத் தெர்மாமீட்டர் வாயில் இருக்கும்போதுதான் முடிவெடுத்தேன். தண்ணீர், சேறு, பள்ளம் எதுவானாலும் போகிற வண்டி ஒன்று வாங்கிவிட வேண்டும். புதிது நமக்குக் கட்டாது. பழையது போதும். நானும் பழையதுதானே.

டாக்டர் வண்டி

பழைய வண்டி விற்கிற இடத்தை எங்கள் பக்கம் கன்சல்டிங் என்போம். விழுப்புரத்தில் புறவழிச்சாலையை ஒட்டி, தகரக் கூரையும் கலர் கலர் கொடியுமாக வரிசையாக இருக்கும். நான் போன கன்சல்டிங்கை வைத்திருந்தவர் ஏழுமலை. வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் நாலு சாவி.

"சிங்கிள் ஓனர் சார். டாக்டர் வண்டி."

விழுப்புரத்தில் நான் பார்த்த பழைய வண்டிகள் எல்லாமே டாக்டர் வண்டிகள். இத்தனை டாக்டர்கள் மாவட்டத்தில் இருக்கும்போது மலர் எதற்கு மழையில் அலைகிறாள் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தச் சந்தேகத்தை அங்கேயே வளர்த்திருக்க வேண்டும்.

வண்டிக்குப் பதினான்கு வயது. வெள்ளை நிறம், டீசல், உயரமான உடம்பு. ஆண்பிள்ளைகள் பழைய வண்டி பார்க்கும்போது செய்வதையெல்லாம் நானும் செய்தேன். பானட்டைத் திறந்து, துக்க வீட்டில் முகம் பார்ப்பது போல உள்ளே எட்டிப் பார்த்தேன். டயரை உதைத்தேன். கதவைச் சாத்திச் சத்தம் கேட்டு, "ம்" என்றேன்.

ஏழுமலை கியருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன லீவரைக் காட்டினார். "இத்த இழுத்தீங்கன்னா நாலு வீலும் புடிச்சிக்கும் சார். இழுத்துப் பாருங்க."

இழுத்தேன். எதிரே பச்சையாக ஒரு விளக்கு எரிந்தது. அந்த விளக்கில் விழுந்தவன்தான் நான். இன்ஜினை நான் வாங்கவில்லை, சேஸ் என்கிற அடிச்சட்டத்தை வாங்கவில்லை. அந்தப் பச்சை விளக்கை வாங்கினேன், அதோடு ஒரு வண்டியும் வந்தது.

"அப்புறம் சார், முன்னாடி வீல்ல ஒண்ணு கீது, அத்த எறங்கி..." என்று ஆரம்பித்தார் அவர்.

"தெரியும் ஏழுமலை, தெரியும். நானும் ஜீப்புல போன ஆளுதான்."

நான் ஜீப்பில் போனது உண்மை. ஒரு தேர்தலுக்கு, பின்னால் உட்கார்ந்து, மைக் பெட்டியைப் பிடித்துக்கொண்டு.

வரும் வழியில் ஒரு பிள்ளையார் கோயிலில் நிறுத்தினேன். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். பானட்டில், ஸ்டீயரிங்கில், சக்கரங்களின் நடுவில் சந்தனம், குங்குமம். முன் சக்கரங்கள் இரண்டிலும் நட்டநடுவில் உள்ளங்கை அளவுக்கு வட்டமாக ஒரு மேடு துருத்திக்கொண்டிருந்தது. பின் சக்கரங்களில் அது இல்லை. பொட்டு வைக்கத் தோதாகச் செய்து கொடுத்திருக்கிறான், எவ்வளவு யோசித்திருக்கிறான் பார் என்று வியந்து, அந்த மேடு மறைகிற அளவுக்குத் தாராளமாகப் பூசினேன்.

சத்தங்களுக்குப் பெயர் வைத்தேன்

பழைய வண்டி வாங்கியவர்களுக்கு மட்டும் ஒரு காது முளைக்கும். மற்றவர்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டு போவார்கள். நாம் பாட்டுக்கு அடியில் இன்னொன்றைக் கேட்டுக்கொண்டு போவோம்.

காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது வரும் இருமலுக்குப் பெரியப்பா என்று பெயர் வைத்தேன். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது "டொக்" என்று குட்டுவது எங்கள் பழைய கணக்கு வாத்தியார். அறுபதைத் தாண்டினால் அடியிலிருந்து "ஊ" என்று ஒன்று கிளம்பும். அதற்குப் பெயர் வைக்கவே பயமாக இருந்தது.

தினமும் வண்டிக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுவைப்பேன். காலையில் பல் விளக்குவதற்கு முன் அதை இழுத்துப் பார்க்க வேண்டும். கறுப்புச் சொட்டு என்றால் இன்ஜின் ஆயில். சிவப்பு என்றால் ஸ்டீயரிங். பச்சை என்றால் ரேடியேட்டர். ஜோசியக்காரன் கட்டத்தைப் பார்ப்பது போல அட்டையை வைத்துக்கொண்டு நிற்பேன்.

"மலர், நேத்து மூணு. இன்னிக்கு அஞ்சு சொட்டு."

"எனக்கு நாள் தள்ளிப் போனப்பகூட நீங்க இப்பிடி எண்ணிக்கினு ஒக்காரலியே."

வெப்பத்தைக் காட்டும் முள் தனிக் கதை. விழுப்புரம் போகிற நெடுஞ்சாலையில் ரோட்டைப் பார்த்ததைவிட அந்த முள்ளைத்தான் அதிகம் பார்த்திருப்பேன். ஒரு சித்திரை மத்தியானம், டோல்கேட் வரிசையில் நிற்கும்போது முள் ஒரு நூல் மேலே போனது. இன்ஜின் சூடு ஏறினால் ஹீட்டரைப் போட வேண்டும், சூடு உள்ளே வந்துவிடும் என்று எங்கேயோ பார்த்திருந்தேன். ஏசியை அணைத்து ஹீட்டரைப் போட்டேன். என்னோடு வந்தவர் ஒரு அரிசிக் கடைக்காரர், ஆறு மாதமாகப் பாலிசிக்குப் பிடி கொடுக்காதவர். பத்து நிமிடத்தில் அவர் முகம் பிட்டு மாதிரி வெந்துவிட்டது. நெஞ்சைத் தடவிக்கொண்டே விழுப்புரம் வந்து சேர்ந்ததும், "அந்த ஃபாரத்த எடுங்க" என்றார்.

இப்படி ஒரு நன்மையும் உண்டு. ஆனால் உள்ளுக்குள் நான் உருகிக்கொண்டிருந்தேன். புதுச் சத்தம் ஒன்று கேட்டால் என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். வண்டியை ஓரங்கட்டி, முன் சக்கரங்களுக்கு ஒரு பொட்டு. வெள்ளிக்கிழமை தோறும் ஒன்று. பெருமுக்கல் மலையடியில் ஒன்று. இரும்பைக் கோயில் வாசலில் ஒன்று. ஆயுத பூஜைக்கு இரண்டு சக்கரத்துக்கும் அரைக் கிண்ணம். காய்ந்து வெடித்த சந்தனத்தின் மேல் புதுச் சந்தனம். பயம் ஏற ஏறப் பூச்சும் ஏறியது.

ஜமால் பாயின் சுத்தியல்

ஜமால் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடாவில் பல வருஷம் பாலைவனத்து வண்டிகளைப் பிரித்துப் பூட்டியவர். இப்போது திண்டிவனத்தில் ஒரு கொட்டகை போட்டு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. என் வேடிக்கைப் பேச்செல்லாம் அவரிடம் போய், ஓட்டில் விழுந்த மழைத்துளி மாதிரி வழிந்துவிடும்.

முதல் நாள் வண்டிக்கு அடியில் படுத்து, கையில் ஒரு சின்னச் சுத்தியலோடு சேஸ் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். டங். டங். டங். பொத்.

"பொத்துன்னா இன்னா பாய்?"

"துரு. உப்புக் காத்துல ரொம்ப நாளு நின்னுக்கினு இருந்த வண்டி இது."

"டாக்டர் வண்டின்னாரே."

"டாக்டரு மீனுக்கு வைத்தியம் பாத்தாரோ இன்னாவோ."

இப்படிச் சொல்லும்போதும் அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, என்னை நிற்க வைத்துச் சொன்னார். "மொதல்ல சேஸு பாக்கணும். அப்புறம், காத்தால இன்ஜின் ஆறிக் கெடக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, பொகை இன்னா கலர்ல வருதுன்னு பாக்கணும். அப்புறம் ரேடியேட்டர் மூடியத் தொறந்து, உள்ள எண்ணெ மெதக்குதான்னு பாக்கணும். பெயிண்ட்ட கடைசீல பாக்கணும். நீங்க பொண்ணு பாக்கப் போயி பந்தல பாத்துட்டு வந்துட்டீங்க."

துருப்பிடித்த இடத்தை வெட்டி, இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்தார். ரப்பர்க் குழாய்கள், பெல்ட், பிரேக் டியூப் எல்லாம் மாற்றினார். "ஓடிக்கினுதானே பாய் இருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்டேன்.

"நின்னப்புறம் மாத்தறதுக்கு நீங்க எதுக்கு, நான் எதுக்கு? ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆயுசு கீது. முடியறதுக்கு முன்னாடி மாத்தணும். அதான் பழைய வண்டி வெச்சிக்கிற வெதம்."

என் தொழிலில் நான் முப்பது வருஷமாகப் பேசுவதை இந்த மனிதர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டார். "நாலு வீலு போட்டு ஓட்டுவீங்களா?"

"போடுவேன் பாய். அப்பப்ப."

பொய். வாசலில் நின்றபடியே லீவரை இழுத்து, பச்சை விளக்கைப் பார்த்து, மனம் நிறைந்து, திரும்பத் தள்ளிவிடுவேன். அவ்வளவுதான் என் சாகசம்.

"அப்ப சரி. மாசத்துக்கு ஒரு தபா போட்டு மண்ணு ரோட்டுல ஓட்டுங்க. இல்லாங்காட்டி உள்ள இறுகிப் பூடும்." சொல்லிவிட்டு முன் சக்கரத்துப் பக்கம் குனிந்தார். சந்தனத்தை நோக்கி நீண்ட கை, பாதியில் நின்று திரும்பிவிட்டது. "சாமி சமாச்சாரம். நான் கைய வெக்கல. நீங்களே தொடச்சி வெச்சிக்கங்க."

என்ன மரியாதையான மனுஷன் என்று நினைத்தேன். எதற்காகத் துடைக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரிந்துவிடும். அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு பூச்சுப் பூசினேன்.

இரண்டு தடவை சொன்னாள்

அந்தக் கார்த்திகையில் மூன்று நாளாக மழை விடவில்லை. மலர் அந்தப் பக்கத்து ஊரிலேயே தங்கிவிட்டாள். சத்யா என்று ஒரு பெண்ணுக்கு நாள் நெருங்கியிருந்தது. முதல் பிரசவம். நாலாம் நாள் காலை எட்டு மணிக்குப் போன் வந்தது.

"சத்யாவுக்கு வலி எடுத்துடுச்சிங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன், உங்க பக்கத்துக் கரைக்கி வந்து நிக்கும். அவ மாமனாரு டிராக்டர்ல ஏத்திக்கினு பாலத்தக் கடந்து வர்றோம். நீங்க வராதீங்க."

"வண்டி எதுக்கு வாங்கினேன் மலர்?"

"சொன்னா கேளுங்க. பாலத்தாண்ட ரெண்டு வண்டிக்கு எடம் கெடையாது. வராதீங்க."

வராதீங்க என்று இரண்டு தடவை சொன்னாள். பிற்காலத்தில் எங்கள் வீட்டில் பல சந்தர்ப்பங்களில் மேற்கோள் காட்டப்பட்ட சொல் என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

நான் போனேன். ஆம்புலன்ஸுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். சரிவு காலியாகக் கிடந்தது. தூறல். அந்தக் கரையில் யாரும் இல்லை. சடசடவென்று பாலத்தைக் கடந்து, டிராக்டர் கிளம்புவதற்குள் ஊருக்குள் போய் நின்றால் மலர் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு படம் மனதில் ஓடியது. லீவரை இழுத்தேன். பச்சை விளக்கு. இறங்கினேன்.

தண்ணீருக்கு இன்னும் பத்தடி இருக்கும். பாலத்தின் ஓரத்தில் வரிசையாக நட்ட வெள்ளைக் கற்களைப் பார்த்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதில் தாழ்ந்த ஒரு கல் தண்ணீருக்குள் போனது. அலை இல்லை, சத்தம் இல்லை. இருந்தது, இல்லை.

என் வலது கால் தானாக பிரேக்கை மிதித்தது. அந்தக் காலை நான் குறை சொல்ல மாட்டேன். என் உடம்பில் புத்தியுள்ள பாகம் அது ஒன்றுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ரிவர்ஸ் போட்டேன். வண்டி உறுமியது, நகரவில்லை. இன்னும் மிதித்தேன். பின்னால் சேறு வாணவேடிக்கை மாதிரி எழும்பி விழுந்தது. மிதிக்க மிதிக்க உட்கார்ந்தது. அப்போது மேட்டில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. எதிர்க்கரையில் டிராக்டர் வந்து நின்றது.

குறுக்கே நின்றவன்

ஆம்புலன்ஸ் டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு, முள் கிளையைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். முப்பது வயது இருக்கும்.

"சார், ஃபோர் வீல் வண்டிதானே இது?"

"ஆமாம்பா. போட்டிருக்கேன், பாரு, பச்சை வெளக்கு."

"பின்ன ஏன் ரெண்டு மட்டும் சுத்துது? முன்னாடி ரெண்டும் சும்மா கெடக்குதே."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். பின் சக்கரங்கள் சேற்றில் செத்துக்கொண்டிருந்தன. முன் சக்கரங்கள் சந்தனம் பூசிக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி மாதிரி உட்கார்ந்திருந்தன.

மலர் போனில் வந்தாள். எதிர்க்கரையில், டிராக்டர் பெட்டியின் ஓரத்தில் அவள் நிற்பது தெரிந்தது. திட்டுவாள் என்று காதைத் தயார் செய்துகொண்டேன். அவள் திட்டவில்லை. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"கொழந்த குறுக்கால கீதுங்க. இங்க வெச்சி நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆப்பரேஷன்தான். மேல ஏரி வழிஞ்சி தண்ணி ஏறிக்கினே வருது. அந்தக் கல்லுங்க எல்லாம் முழுகிட்டா டிராக்டரும் கடக்காது. வண்டிய எடுத்துடுங்க."

அவ்வளவுதான். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் என்னைத் திட்டாமல் பேசியதுபோல் வேறெதுவும் என்னைப் பயமுறுத்தியதில்லை.

"அம்மா, நான் வந்து டிராக்டர் மூக்கால முட்டி அந்த வண்டிய மேல தள்ளிடட்டுமா?" என்று சத்யாவின் மாமனார் கத்துவது போனிலேயே கேட்டது. "பெட்டியோட தண்ணியில நின்னுக்கினு தள்ளுவீங்களா? புள்ளத்தாச்சி குலுங்கிப் பூடுவா. சும்மா இருங்க" என்றாள் மலர். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு வண்டியைச் சுற்றி வர முடியுமா என்று ஆம்புலன்ஸ் டிரைவர் அளந்து பார்த்தார். வண்டிக்கும் முள்ளுக்கும் நடுவில் ஒரு முழம். அதுவும் வழுக்கும் சேறு. தலையை ஆட்டினார்.

எதிர்க்கரையிலிருந்து சத்யாவின் குரல் வந்தது. வார்த்தை இல்லை. ஒரு நீளமான சத்தம், அறுந்து, மறுபடி.

சத்தங்களுக்கெல்லாம் பெயர் வைத்தவன் நான். இதற்கு வைக்க என்னிடம் பெயர் இல்லை. இறந்தவர் வீட்டார் காப்பீட்டுப் பணம் கேட்டு நிரப்புகிற படிவத்தில் காரணம் எழுதுகிற கட்டம் ஒன்று உண்டு. எத்தனையோ வீடுகளில் உட்கார்ந்து என் கையெழுத்தில் அதை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கட்டம் கண் முன்னால் வந்து நின்றது. ஒரு தாய், ஒரு குழந்தை. காரணம்: வழியில் ஒரு வண்டி நின்றது.

நகைச்சுவை ஒன்றும் வரவில்லை. போனை எடுத்து ஜமால் பாயைக் கூப்பிட்டேன்.

முன் சக்கரத்தின் நடுவில்

நான் கோர்வையில்லாமல் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"எறங்கி முன்னாடி ஹப்ப லாக் பண்ணீங்களா?"

"எது பாய்?"

"முன் வீலு ரெண்டுலயும், நடுவுல, வட்டமா ஒரு திருகு கீதுல்ல. அத்த கையால திருப்பி லாக் பண்ணாத்தான் வீலுக்கு இழுவ போய்ச் சேரும். லீவர் இழுத்தா மட்டும் வெளக்குதான் எரியும்."

"அது... சந்தனம் வைக்கிற இடம் இல்லியா பாய்?"

போனில் ஸ்பேனர் ஒன்று தரையில் விழுகிற சத்தம் கேட்டது.

"அதான் தொடச்சி வைங்கன்னேன்" என்றார். "ஜல்தி சொரண்டுங்க."

சேற்றில் முழங்கால் போட்டு உட்கார்ந்து வீட்டுச் சாவியால் சுரண்டினேன். இடது சக்கரத்தில் நான், வலது சக்கரத்தில் ஆம்புலன்ஸ் டிரைவர். மேல் பூச்சு ஈரத்தில் குழைந்து வந்தது. அதற்கடியில் ஆயுத பூஜை, ஓடு மாதிரி. அதற்கடியில் இரும்பைக் கோயில், பெருமுக்கல் மலை, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு திருகும் இரண்டு ஆங்கிலச் சொற்களும் வெளியே வந்தன. ஒரு பக்கம் ஃப்ரீ, ஒரு பக்கம் லாக். முள் ஃப்ரீயில் நின்றிருந்தது. பத்து மாதமாக அங்கேயே நின்றிருக்கிறது.

திருப்பினேன். அசையவில்லை.

"தட்டாதீங்க, ஒடஞ்சிடும்" என்றார் ஜமால் பாய். "எண்ணெ உட்டு, முன்ன பின்ன அசச்சி அசச்சித் திருப்புங்க."

எண்ணெய்க்கு என் வண்டியில் என்ன பஞ்சம். சொட்டுகிற வண்டி வைத்திருப்பவன், ஆயில் டப்பா இல்லாமல் வீதியில் இறங்க மாட்டான். ஊற்றினேன். விரல் தோல் உரிகிற வரைக்கும் அசைத்தேன். இடது பக்கம் "டிக்" என்றது. வலது பக்கம் மசியவில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் கழுத்துத் துண்டை அதன் மேல் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். நான் பாலத்தைப் பார்த்தேன். வெள்ளைக் கற்களில் மூன்றுதான் மிச்சம் தெரிந்தன.

"டிக்."

ஏறி உட்கார்ந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். பின் சக்கரங்களுக்கு அடியில் ஆம்புலன்ஸ் டிரைவர் முள் கிளைகளை ஒடித்துப் போட்டார்.

"சின்ன லீவர லோவுல போடுங்க. ரிவர்ஸ். ஆக்ஸிலேட்டர் மேல காலே படக்கூடாது. கிளட்ச்ச மெதுவா உடுங்க. பிரேக்க மறந்துடுங்க."

பிரேக்கை மறப்பது. என் காலிடம் அவர் கேட்டது சின்ன உதவி இல்லை.

கிளட்சை விட்டேன். வண்டி நடுங்கியது. அடியில் எதுவோ பிடித்து, விட்டு, மறுபடி பிடித்தது. ஜமால் பாய் வெல்டிங் வைத்த இடத்திலிருந்து ஒரு முனகல் வந்தது. முடிந்தது, உடைந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை, கடைசித் தடவையும்கூட.

முதுகு சீட்டில் அழுந்தாமல் முன்னால் சாய்ந்தது. வண்டி பின்னால் ஏறிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் டிரைவர் பக்கத்திலேயே நடந்து வந்து, "வாங்க சார், வாங்க, அப்பிடியே, வாங்க" என்று பசுவை ஓட்டுவது போல ஓட்டிக்கொண்டு வந்தார். மேட்டில் ஏறியதும் பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில் ஸ்டீயரிங்கை ஒடித்து வண்டியை இறக்கினேன். யாருடைய கொல்லை என்று பார்க்கவில்லை. பிறகு தெரியவந்தது, அவர் வந்து தெரியப்படுத்தினார்.

டிராக்டர் தண்ணீரில் இறங்கியது. நான் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்கின் மேல் தலையை வைத்துக்கொண்டு அதன் இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டேன். ஒரு இடத்தில் சத்தம் திணறியது. பிறகு சரிவில் ஏறியது. நிமிர்ந்தபோது தார்ப்பாய்க்கு அடியிலிருந்து சத்யாவைத் தூக்கி ஆம்புலன்ஸுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கழுத்தெல்லாம் மழை, உதட்டைக் கடித்திருந்தாள். மலர் பின்னாலேயே ஏறினாள்.

என்னைக் கடக்கும்போது அவள் என் கையைப் பார்த்தாள். சந்தனம், ஆயில், ரத்தம், சேறு.

"கையக் கழுவிக்கினு டிடி ஊசி போட்டுக்கங்க" என்றாள். கதவு மூடியது.

மத்தியானத்துக்கு முன்பே சத்யாவுக்கு ஆப்பரேஷன் முடிந்தது. பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. இருவரும் நலம். பத்தாம் நாள், தண்ணீர் வடிந்த பிறகு, மாமனாரின் டிராக்டரிலேயே ஊருக்குப் போனார்கள். என் வண்டி அந்தக் காலையில் சரிவில் முப்பதடி இறங்கியது, முக்கால் மணி நேரம் வழியை அடைத்துக்கொண்டு நின்றது, முப்பதடி பின்னால் ஏறியது. தண்ணீரை அது தொடவே இல்லை.